கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்கள்: நில மீட்பும் கண்காணிப்பும்

1975ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் தன்பாதை அடுத்த சாஸ்நாலா சுரங்கத்தினுள் வெள்ளம் பாய்ந்து 370க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். அந்நீர் ஆற்றிலிருந்து வந்ததன்று. முன்னரே வெட்டி எடுத்து விடப்பட்ட மேற்பகுதியில் தேங்கியிருந்த நீர். 1989 நவம்பரில் ராணிகஞ்ச் வட்டாரத்து மகாபீர் சுரங்கத்திலும் பழைய சுரங்கப் பகுதியின் நீரே உடைப்பெடுத்தது. அங்கு துளையிட்டு எஃகுக் கூண்டு இறக்கப்பட்டு 65 பேர் மீட்கப்பட்டனர்; அறுவர் உயிரிழந்தனர்.

உற்பத்தி நின்றபின் சுரங்கம் வெற்றிடமாகக் கிடப்பதில்லை. நீர் இறைக்கும் பொறிகள் நிறுத்தப்பட்டதும் நிலத்தடி நீர் ஏறத் தொடங்குகிறது. தாங்கி நிற்கும் தூண்கள் நைந்து நொறுங்குகின்றன. எஞ்சிய நிலக்கரி மெல்ல வெப்பமடைகிறது. ஆதலின் நில மீட்பு என்பதை மரம் நடும் பணியாக மட்டும் கருதுவது பெருந்தவறு. எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு வெட்டப்பட்டது என்ற வரைபடமே அதன் முதற்கருவியாகும்.

இந்த வரைபடந்தான் பழைய சுரங்கங்கள் பலவற்றுக்கு இல்லை. ராணிகஞ்சில் நிலக்கரி வெட்டும் பணி 1774இல் தொடங்கியது. அதன்பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் தனியார் பலர் மேலாழத்துப் படிவங்களைத் தூண்கள் விட்டு வெட்டினர். பின்னர் அத்தூண்களையும் செதுக்கி மெலியச் செய்தனர். வெட்டிய இடத்தை மணலிட்டு நிரப்புதல் செலவு என்று பல இடங்களில் தவிர்க்கப்பட்டது. எரியூக்கான கோக் நிலக்கரிச் சுரங்கங்கள் 1972இலும், ஏனையவை 1973இலும் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, அரசு சுரங்கங்களோடு இந்தக் குறைபாட்டையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது.

ஜரியா நிலக்கரி வயலில் முதல் தீ 1916இல் பதிவாயிற்று. தூண்கள் நொறுங்கி நிலம் அமிழும்போது மேற்பரப்பில் வெடிப்புகள் தோன்றுகின்றன. அவற்றின் வழியே காற்று உட்புகுந்து நிலக்கரியுடன் கலக்க, வெப்பம் வெளியேற இடமின்றிக் கூடுகிறது. ஒரு கட்டத்தில் நிலக்கரி தானே பற்றிக்கொள்கிறது. எரிந்தது சாம்பலாகிச் சுருங்க, நிலம் மேலும் அமிழ்கிறது. புதிய வெடிப்புகள் வழியே புதிய காற்று செல்கிறது. இந்தச் சுழலை அறுக்க வெடிப்புகளை மண்ணிட்டு மூடுதல், தீயின் பாதையில் அகழி வெட்டுதல், நைட்ரஜன் செலுத்துதல், எரியும் நிலக்கரியையே தோண்டி அகற்றுதல் ஆகிய முறைகள் கையாளப்பட்டுள்ளன. தேசியத் தொலையுணர்வு மையத்தின் 2021ஆம் ஆண்டு ஆய்வின்படி, 8.9 சதுர கிலோமீட்டராக இருந்த மேற்பரப்புத் தீப்பரப்பு 1.8 சதுர கிலோமீட்டராகக் குறைந்திருந்தது. எனினும் மண்ணிட்டு மூடிய இடம் ஒரு மழைக்காலத்தில் அரிக்கப்பட்டாலும் காற்று மீண்டும் வழி கண்டுகொள்ளும்.

நிலத்தை மீட்டல்

திறந்தவெளிச் சுரங்கத்தில் சிக்கல் வேறு வகையானது. நிலக்கரியை மூடியிருந்த மண்ணும் பாறையும் குன்றுகளாகக் குவிந்து கிடக்கும். வளமான மேல்மண்ணைத் தொடக்கத்திலேயே பிரித்துச் சேமித்திருந்தால் அதனை மீண்டும் மேலே பரப்பலாம். பாறையோடு கலந்துவிட்டால் பிரிக்க வழியில்லை. குவியல் சரியாதபடி படிப்படியாக அமைக்கப்பட்டு, நீர் வடிய வாய்க்கால் வெட்டப்பட வேண்டும். முதலில் புல்லும், காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் அவரைக் குடும்பச் செடிகளும் வளர்ந்து மண்ணைப் பிடித்துக்கொண்ட பின்னரே மரங்கள் நிலைக்கும்.

பல இடங்களில் விரைவாக வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியா மரங்களே வரிசையாக நடப்பட்டன. சில ஆண்டுகளில் பசுமை கண்ணைக் கவர்கிறது; ஆயின் அதன் இலைச்சருகு எளிதில் மட்குவதில்லை, கீழே பிற செடிகள் முளைப்பது அரிது. சுற்றுப்புறக் காட்டின் மரங்களான சிசு, புங்கம், வேம்பு, மூங்கில் ஆகியவை மெதுவாக வளரினும் அவற்றோடு பறவைகளும் புதர்களும் வந்து சேர்கின்றன.

நிரப்ப மண் இல்லாத குழிகள் நீர்நிலைகளாகின்றன. சத்தீஸ்கரின் சூரஜ்பூர் மாவட்டத்துக் கேனாபாராவில், பிஸ்ராம்பூர்ச் சுரங்கத்தின் கைவிடப்பட்ட குழி இன்று படகுத்துறையாகவும் கூண்டு மீன் வளர்ப்பிடமாகவும் பயன்படுகிறது. தாமோதர்ப் பள்ளத்தாக்கு நிலக்கரியில் கந்தகம் பொதுவாகக் குறைவாதலால் அங்கு நீர் அமிலமாகும் இடர் சிறிது. கந்தகம் மிகுந்த மேகாலயா நிலக்கரிக்கு இது பொருந்தாது. அங்குக் கைவிடப்பட்ட குழிகளின் கசிவு ஓடைகளை அமிலமாக்கியுள்ளது.

கண்காணிப்பு

பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களின் நில மீட்பை மத்திய சுரங்கத் திட்ட வடிவமைப்பு நிறுவனம் 2008 முதல் செயற்கைக்கோள் படங்களின் துணையால் ஆண்டுதோறும் அளந்து வருகிறது. சிறியவற்றை மூன்றாண்டுக்கு ஒருமுறை. எவ்வளவு நிலம் நிரப்பப்பட்டது, எவ்வளவு பசுமையாயிற்று என்பதை இப்படங்கள் காட்டுகின்றன. வெப்பக் கதிர்ப் படங்கள் தீயின் எல்லையையும் காட்டுகின்றன. ஆனால் அக்கேசியா வரிசையும் பல்வகை மரக்காடும் வானிலிருந்து ஒரே பசுமையாகத் தோன்றக்கூடும். மண்ணின் கரிமச்சத்து, நட்ட கன்றுகளில் பிழைத்தவை, தாமாக முளைத்த செடிகள் ஆகியவற்றை நிலத்தில் நடந்து சென்றே எண்ண வேண்டும். நிலத்தடியிலோ, துளைகளில் வெப்பநிலையும் கார்பன் மோனாக்சைடு அளவும் பார்க்கப்படுகின்றன. மேற்பரப்பில் புகை காணுமுன்பே இவ்வாயு தீயை அறிவித்துவிடும். சுற்றுக் கிணறுகளின் நீர்மட்டமும், நட்ட குறிக்கற்களின் உயரமும் தவறாது பதிவு செய்யப்பட வேண்டியவை. நிரப்பிய மண் பல ஆண்டுகள் அமுங்கிக்கொண்டே இருப்பதால், அதன்மேல் கட்டடம் எழுப்புவோர் முதலில் கேட்க வேண்டியது இப்பதிவேட்டையே.

இதற்கான நிதியை 2009ஆம் ஆண்டின் சுரங்க மூடல் நெறிமுறைகள் உறுதி செய்தன. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு எக்டேருக்கு 6 லட்சம் ரூபாயும், நிலத்தடிச் சுரங்கத்துக்கு ஒரு லட்சமும் என்ற கணக்கில் தனிப் பொறுப்புக் கணக்கில் தொகை செலுத்தப்பட வேண்டும் என்று அவை அப்போது விதித்தன; பணி சரிபார்க்கப்பட்ட பின்னரே அது திரும்பக் கிடைக்கும். அதே ஆண்டு ஜரியாவுக்கு 7,112 கோடி ரூபாய் திட்டம் ஏற்கப்பட்டது. 2025 ஜூனில் 5,940 கோடி ரூபாயில் திருத்திய திட்டம் ஒப்புதல் பெற்றது. இடம்பெயரும் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாழ்வாதார உதவியும் இதில் அடங்கும்.

தீயருகில் வாழும் குடும்பம் எளிதில் வெளியேறுவதில்லை. பிழைப்பு அருகிலேயே இருக்கிறது. புதிய குடியிருப்பில் வீடு கிடைத்தாலும் வேலை கிடைப்பது நிச்சயமில்லை. நிலக்கரி நிலக் கையகப்படுத்தல் சட்டம் 1957இன் கீழ்ப் பெற்ற நிலம், நிலக்கரி தீர்ந்த பின்னும் நிறுவனத்தின் பெயரிலேயே இருந்து வந்துள்ளது. மீட்கப்பட்ட வயலை உழப்போவது யார், அக்குளத்து மீன் யாருக்கு என்பவை மூடல் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதப்படவேண்டிய வினாக்கள். அவை பெரும்பாலும் கடைசிப் பக்கத்திற்கே தள்ளப்படுகின்றன.