தாளில்லாத பாகம் பழைய இரும்பு

கண்டியில் பயணிகள் விமான நிலையம் இல்லை. விமானம் ஏறுவதென்றால் கட்டுநாயக்கவுக்குத்தான் போக வேண்டும். அப்படியிருக்க, விமானங்களின் பராமரிப்புப் பதிவேடுகளைப் பற்றிக் கொழும்பு வீதியில் துணிக்கடை நடத்துபவருக்கும் கட்டுகஸ்தோட்டையில் ஹாட்வெயார் வைத்திருப்பவருக்கும் என்ன வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. தாள்களைப் பாதுகாப்பதில் விமானப் பராமரிப்பைப் போலக் கண்டிப்பான தொழில்கள் உலகில் மிகச் சிலவே. உயிர்களை விலையாகக் கொடுத்து அவர்கள் கற்றுக்கொண்ட விதிகளில் நாலைந்து எமது கடைகளுக்கும் அப்படியே பொருந்தும். அவற்றைப் பின்பற்றப் பெரிய முதலீடும் தேவையில்லை.

விமான இயந்திரத்தின் உள்ளே சுழலும் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஆயுள் வரம்பு உண்டு. விமானம் ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு சுற்று என்று கணக்கு. உதாரணமாக 20,000 சுற்று என்று வரம்பு வைத்தால், அது முடிந்ததும் பார்வைக்குப் புதிதுபோல மின்னினாலும் தட்டைக் கழற்றிவிட வேண்டும். அது இதுவரை எத்தனை சுற்று ஓடியது என்பதைத் தட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாள் முதல் எந்த இயந்திரத்தில், யாரிடத்தில், எவ்வளவு ஓடியது என்று இடைவெளியின்றித் தொடரும் பதிவு மட்டுமே அதைச் சொல்லும். இடையில் இருந்த ஓர் உரிமையாளரின் தாள்கள் காணாமற்போய்விட்டால், மீதி ஆயுள் எவ்வளவு என்று நிரூபிக்க வழியில்லை. பெரும் தொகை பெறுமதியான பொருள் அன்றைக்கே பழைய இரும்பாகிவிடும். பொருள் கெடவில்லை, தாள்தான் இல்லை.

உலகில் பறக்கும் பயணிகள் விமானங்களில் ஏறத்தாழப் பாதி குத்தகைக்கு எடுக்கப்பட்டவை. எமது ஶ்ரீலங்கன் விமான நிறுவனமும் பெரும்பாலும் குத்தகை விமானங்களையே ஓட்டுகிறது. குத்தகை முடிந்து விமானத்தை ஒப்படைக்கும்போது உரிமையாளரின் ஆட்கள் முதலில் கேட்பது பதிவேடுகளைத்தான். பெட்டி பெட்டியாக உள்ள தாள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஒரு கையொப்பம் குறைந்தாலும் ஒப்படைப்பு தாமதமாகும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஓடும். அதனால்தான் பல நிறுவனங்கள் இந்தத் தாள்களையெல்லாம் வருடி, தேடக்கூடிய விதத்தில் கணினியில் ஏற்றி வைக்கத் தொடங்கின. தாள் இருப்பது ஒரு விடயம், கேட்ட நேரத்தில் அதை எடுத்துக் கொடுக்க முடிவது வேறொரு விடயம்.

போலித்தாளின் கதையும் உண்டு. லண்டனைத் தளமாகக் கொண்ட ஏஓஜி டெக்னிக்ஸ் என்ற உதிரிப்பாக விநியோக நிறுவனம், போலிச் சான்றுகளுடன் விமான இயந்திரப் பாகங்களை விற்றது 2023இல் வெளிச்சத்துக்கு வந்தது. போர்த்துக்கல் விமான நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவினர் ஒரு பாகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, அதன் சான்றை உற்பத்தியாளருக்கே அனுப்பிக் கேட்டார்கள். அது நாங்கள் கொடுத்ததல்ல என்று பதில் வந்தது. அதன் பிறகு பல நாடுகளில் நூற்றுக்கு மேற்பட்ட இயந்திரங்களில் அந்தப் பாகங்களைத் தேட வேண்டியதாயிற்று. அந்நிறுவனம் தன் விற்பனை ஆவணங்களை ஒப்படைக்க வேண்டுமென லண்டன் நீதிமன்றம் உத்தரவிட்டது. வாகன உதிரிப்பாகமும் மின்சாதனமும் விற்கும் எமது சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சான்று கையில் இருந்தால் மட்டும் போதாது, கொடுத்தவரிடம் ஒருமுறை கேட்டுப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

இன்னொன்று இதைவிடத் துயரமானது. 2002 மே 25ஆம் திகதி தாய்பேயிலிருந்து ஹொங்கொங் நோக்கிப் பறந்த சைனா எயார்லைன்ஸ் போயிங் 747 விமானம் நடுவானில் சிதறியது. அதிலிருந்த 225 பேரும் இறந்தனர். விசாரணை 22 ஆண்டுகள் பின்னோக்கிப் போனது. 1980இல் அதே விமானம் தரையிறங்கும்போது வால்பகுதி ஓடுபாதையில் உரசியிருந்தது. அதற்குச் செய்த திருத்தவேலை உற்பத்தியாளரின் கையேட்டின்படி முறையாகச் செய்யப்படவில்லை. ஒட்டுத்தகட்டின் கீழே மறைந்திருந்த கீறல்களிலிருந்து ஆண்டுக்கணக்கில் வெடிப்பு வளர்ந்திருக்கிறது. வேலை செய்யப்பட்டது என்ற குறிப்பு பதிவேட்டில் இருந்தது. எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கு விரிவான பதிவு கிடைக்கவில்லை. “கொடுத்தாயிற்று”, “வந்தது”, “முடிந்தது” என்று ஒற்றைச் சொல்லில் கடை கொப்பியில் எழுதி வைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். எழுதியவருக்கு அன்றைக்கு அது விளங்கும். பத்து வருடம் கழித்து அவருடைய மகனுக்கு விளங்குமா?

விதிகளுக்கு வருவோம். பராமரிப்புப் பதிவுகள் சேதத்திலிருந்தும் மாற்றி எழுதப்படுவதிலிருந்தும் திருட்டிலிருந்தும் பாதுகாக்கப்பட வேண்டும் என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. கணினியில் வைத்தால், அதன் பிரதி வேலை நடக்கும் இடத்தில் இருக்கக்கூடாது. வேறோர் இடத்தில், கெடாத சூழலில் இருக்க வேண்டும். வேலையைச் செய்து பொறுப்பேற்பவர் கையொப்பமிட வேண்டும். பிழை எழுதிவிட்டால் அழிக்கக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது. ஒரு கோடு கிழித்து, பழையது வாசிக்கத்தக்கதாக இருக்க, பக்கத்தில் சரியானதை எழுதி ஒப்பமிடுவதே முறை. எல்லாத் தாளுக்கும் ஒரே ஆயுள் இல்லை என்பதும் அவர்களுடைய வழக்கம். சாதாரண வேலைப் பதிவைச் சில ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். ஆயுள் வரம்புள்ள பாகத்தின் பதிவோ அந்தப் பாகம் இருக்கும்வரை அதனுடனேயே போகும்.

இவற்றுள் எமக்கு மிக அவசரமானது வேறிடத்துப் பிரதி. கண்டி மாவட்ட வியாபாரிக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2018 மார்ச் முதல் வாரத்தில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் கடைகள் எரிக்கப்பட்டன. பிங்கா ஓயா பெருகி அக்குறணை நகரம் நீரில் மூழ்குவது பலமுறை நடந்த ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கம்பளை உட்பட மாவட்டத்தின் பல இடங்களில் வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டன. இப்படியான நாட்களில் சரக்கு போவதை எல்லோரும் பார்க்கிறோம். சரக்கோடு சேர்ந்து, அந்தச் சரக்கு இருந்தது என்பதற்கான சாட்சியும் போய்விடுவதை அடுத்த கிழமை காப்புறுதி நிறுவனத்தில் நிற்கும்போதுதான் உணர்கிறோம். கொள்வனவு பில், இருப்புப் பட்டியல், வங்கிக் கூற்று ஆகியவை இல்லாமல் நட்டத்தின் அளவை எப்படிக் காட்டுவது? தீக்காப்புறுதி வைத்திருப்பவர்கள் கலவரச் சேதத்துக்கான மேலதிகக் காப்பும் வெள்ளத்துக்கான காப்பும் தமது பத்திரத்தில் உண்டா என்று ஒருமுறை வாசித்துப் பார்ப்பதும் நல்லது. அந்தப் பத்திரத்தையே கடை லாச்சியில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்!

இரும்பு அலுமாரி இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். சாதாரண இரும்பு அலுமாரி கள்வனைத் தடுக்கும், தீயைத் தடுக்காது. இரும்பு சூடேறி உள்ளே இருக்கும் தாள் கருகிவிடும். வெள்ளத்தில் முதலில் நனைவது அதன் கீழ்த்தட்டு. பழைய கொப்பிகளை நாம் வைப்பதும் அங்கேதான். நனைந்துபோன கொப்பிகளை அவசரப்பட்டு இழுத்துப் பிரித்தால் கிழியும். அப்படியே விட்டால் கண்டியின் ஈரத்தில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடிக்கும். நூலகங்களில் பின்பற்றும் ஒரு முறை உண்டு. நனைந்த கொப்பியைப் பொலித்தீன் பையில் இட்டு ஆழ்குளிர்ப் பெட்டியில் உறைய வைத்துவிடுவார்கள். பூஞ்சணம் வளர்வது நின்றுவிடும். பிறகு நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து, காற்றோட்டத்தில் பக்கம் பக்கமாக உலர்த்தலாம். ஐஸ்கிரீம் பெட்டி வைத்திருக்கும் சில்லறைக் கடைக்காரருக்கு இது கைக்கெட்டிய வழி.

எழுதி வைக்கும் விடயத்தில் எமக்கு விமானத் துறையிடமிருந்து மட்டுமே கற்க வேண்டிய நிலை இல்லை. அல்குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், தொழுகையையோ நோன்பையோ பற்றியதல்ல. தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிய தொகையானாலும் எழுதச் சோர்வடையலாகாது என்றும் சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அது வழிகாட்டுகிறது. கைக்குக் கை நடக்கும் வியாபாரத்துக்குச் சலுகையும் தருகிறது. அதில் எமது வியாபாரிகள் அதிகம் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்லர், கடன் பட்டவர். பொறுப்பு யார் மீது இருக்கிறதோ அவருடைய வாயிலிருந்தே அது வர வேண்டும். விமானப் பதிவேட்டில் வேலையைப் பொறுப்பேற்றவரே ஒப்பமிடுவதும் இதே அறிவுதான்.

எமது கடன் கொப்பிகள் எப்படி இருக்கின்றன? கடைக்காரர் எழுதுகிறார், கடைக்காரரே வைத்துக்கொள்கிறார். கடன்பட்டவருக்கு அதில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. கொப்பி கணினிக்கு மாறினாலும் இந்தக் குறை அப்படியேதான் மாறும். ஒரு தரப்பு மட்டும் எழுதிய கணக்கு, தகராறு வரும் நாளில் பலவீனமானது. இதற்கு எளிய பரிகாரம் இருக்கிறது. மாத முடிவில் ஒவ்வொரு கடன் வாடிக்கையாளருக்கும் மீதித் தொகையை வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவரிடமிருந்து “சரி” என்று பதில் வாங்குங்கள். பெரிய தொகையாக இருந்தால் கையொப்பமே வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். ஆனால், மரணித்தவரின் கடனை அடைத்த பின்னர்தான் வாரிசுகளுக்குப் பங்கு என்பது எமது மார்க்கச் சட்டம். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்பது வாப்பாவின் நினைவில் மட்டும் இருந்தால், பிள்ளைகள் அந்தப் பங்கை எங்கிருந்து தொடங்குவார்கள்? வருடாந்த ஸகாத்தைக் கணக்கிடுவதற்கும் இதே பட்டியல்தான் தேவை.

இனி வேலை. பழையதையெல்லாம் முதல் நாளே கணினியில் ஏற்றப் புறப்பட்டால் இரண்டாம் நாளே அலுத்துவிடும். இன்று வரும் தாளிலிருந்து தொடங்குங்கள். பழையவற்றுள் பெறுமதியானதை மட்டும் பின்னர் எடுங்கள். உறுதிப்பத்திரம், வாடகை ஒப்பந்தம், வியாபாரப் பதிவுச் சான்று, காப்புறுதிப் பத்திரம், பங்காளி உடன்படிக்கை, நிலுவையிலுள்ள கடன் ஆகியன முதலில். கைத்தொலைபேசியில் வருடும் செயலிகள் போதும். தனி இயந்திரம் வாங்கத் தேவையில்லை. வெளிச்சம் சீராக இருக்கட்டும், தாளின் நான்கு மூலையும் தெரியட்டும், பின்பக்கத்தில் எழுத்திருந்தால் அதையும் எடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், திகதி, பிறகு ஆளின் பெயர் என்ற ஒழுங்கில் வைத்தால் அவை தாமாகவே வரிசையாக நிற்கும். தொலைபேசி தானாகக் கொடுக்கும் இலக்கத்தோடு விட்டுவிட்டால், ஆயிரம் படங்களில் ஒரு பில்லைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடும் வேலை.

வெப்பத்தாளில் அச்சாகும் பற்றுச்சீட்டுகளை அன்றன்றே படமெடுக்க வேண்டும். சில மாதங்களில் எழுத்து மங்கி வெள்ளைத்தாள்தான் மிஞ்சும். உத்தரவாதச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, தேவைப்பட்ட நாளில் வெறும் தாளைக் கண்டவர்கள் அநேகர்.

பிரதிகள் மூன்று இருக்கட்டும். ஒன்று கடைக் கணினியில், இன்னொன்று வீட்டில் வைக்கும் வெளி வன்தட்டில், மூன்றாவது கூகிள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில். கடையும் வீடும் ஒரே கட்டடமாக இருந்தாலோ இரண்டும் ஒரே ஆற்றோரம் இருந்தாலோ, வன்தட்டை மடவளையிலோ மாவனெல்லையிலோ உள்ள நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள். இணையக் கணக்கின் கடவுச்சொல் கடைப் பையனின் பெயரிலும் அவன் தொலைபேசி இலக்கத்திலும் இருக்கக்கூடாது. அவன் வேலையை விட்டுப் போகும் நாளில் எமது கணக்கும் அவனோடு போய்விடும்.

விற்பனை மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நுழைவு கொடுக்க வேண்டும். எல்லோரும் முதலாளியின் கடவுச்சொல்லில் வேலை செய்யும் கடைகளை நாம் பார்க்கிறோம். அங்கே பில் ஒன்று அழிக்கப்பட்டால் யார் அழித்தார் என்று கேட்பதில் பயனில்லை. கணினி முதலாளியைத்தான் காட்டும். பதிந்த பில்லை அழிக்க இடமளிக்காமல், திருத்தத்தைத் தனிப் பதிவாகக் காட்டும் மென்பொருளா என்று வாங்கும்போதே கேளுங்கள். ஒரு கோடு கிழித்து ஒப்பமிடும் பழைய முறையின் கணினி வடிவம் அது.

கணினியில் ஏற்றிவிட்டோமே என்று மூலத்தாளை எறிந்துவிட வேண்டாம். எமது நாட்டின் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் கணினிப் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் அளிக்கிறது. ஆனால் மரணசாசனம், அற்றோணித் தத்துவம், காணி விற்பனை உடன்படிக்கை, உண்டியல் போன்றவற்றை அச்சட்டம் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. அவற்றில் மூலத்தாளுக்கே மதிப்பு. வருடிய பிரதி நினைவூட்டலுக்கு மட்டும். காணி உறுதி தொலைந்தோ எரிந்தோ போனவர்கள் மனமுடைய வேண்டியதில்லை. பதியப்பட்ட உறுதியின் சான்றுப்படுத்திய பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம். அதற்கு உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவை கையில் இருந்தால் வேலை வெகு சுலபம். ஆகக் குறைந்தது அந்த மூன்றையாவது இன்றிரவு ஒரு தாளில் எழுதி, வேறொரு வீட்டில் கொடுத்து வைக்கலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கடைக் கணினியைத் தொடாமல், பிரதியிலிருந்து மட்டும் ஏதாவது ஒரு பழைய பில்லைத் திறந்து பாருங்கள். மனைவியையோ மகனையோ தேடச் சொல்வது இன்னும் நல்லது. அவர்களால் பத்து நிமிடத்தில் எடுக்க முடியவில்லையென்றால், கோப்புகளின் ஒழுங்கை அன்றைக்கே மாற்றி அமையுங்கள்.