'பார்டர்லதான் இருக்கு' என்று சொன்னால் வீட்டுக்குப் போய்விடாதீர்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், குளுக்கோமீட்டரில் ஒரு எண். "140-க்குள்ளதான் இருக்கு, போயிட்டு வாங்க" என்கிறார் செவிலியர். நீங்களும் நிம்மதியாக வந்துவிடுகிறீர்கள். அந்த எண் உங்களுக்கு எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை?

முதல்கட்டப் பரிசோதனையில் பெரும்பாலும் எடுப்பது 'ரேண்டம் சுகர்'. சாப்பிட்டீர்களா இல்லையா என்ற கணக்கே இதில் கிடையாது. ஏற்கெனவே சர்க்கரை நோய் வந்தவரைக் கண்டுபிடிக்க இது நன்றாக உதவும். ஆனால் இனி வரப்போகிறவரை, அதாவது 'முன் நீரிழிவு' நிலையில் இருப்பவரை, இது எளிதில் தவறவிட்டுவிடும். அவரைக் கண்டுபிடிக்க வெறும் வயிற்றில் ஒரு முறையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது அளவு 140 முதல் 199 வரை இருந்தால் முன் நீரிழிவு. 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய்.

சிக்கலும் இங்கேதான். கூலி வேலைக்குப் போகிற ஒருவரை 2 மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தால் அவருக்கு அரை நாள் சம்பளம் போச்சு. மருந்து வாங்க வந்த வரிசை ஒரு பக்கம், கர்ப்பிணிகள் பரிசோதனை ஒரு பக்கம் என்று இருக்கும்போது, உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவருக்காக நேரம் ஒதுக்குவது செவிலியருக்கும் கஷ்டம். நோயாளிக்குக் கொடுக்க மாத்திரை இருக்கிறது. நோயே வராதவருக்கு எதைக் கொடுப்பது? பேச்சைத்தான் கொடுக்க வேண்டும். பேசத்தான் நேரமில்லை.

அந்தப் பேச்சுக்கு உண்மையிலேயே பலன் உண்டா? உண்டு, சென்னையிலேயே நிரூபித்திருக்கிறார்கள். மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் முன் நீரிழிவு இருந்த 531 பேரை 3 ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொள்ளத் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 பேர். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான், 40 பேர்.

'தொடர்ந்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆய்வில் ஒவ்வொருவரையும் திரும்பத் திரும்பச் சந்தித்துப் பேசினார்கள். நம் ஊர் சுகாதார நிலையத்தில் "அரிசியைக் குறைங்க, நடங்க" என்று இரண்டு வார்த்தையோடு முடிந்துவிடுகிறது. மூன்று வேளையும் ரேஷன் அரிசியை நம்பியிருக்கும் வீட்டில் அரிசியைக் குறைத்துவிட்டு எதைச் சாப்பிடுவது? சோற்றைப் பாதித் தட்டாக்கி, மீதியில் கீரை, காய், பருப்பு, சுண்டல் வையுங்கள் என்று யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். அதுவும் சமைக்கிறவரையும் கூட வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் போனும் இதில் உதவும். 2013-இல் வெளியான இன்னொரு ஆய்வில், முன் நீரிழிவு இருந்த 537 ஆண்களில் ஒரு பாதியினருக்கு 2 ஆண்டுகள் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். அவர்களில் 100-க்கு 18 பேருக்கு நோய் வந்தது, செய்தி பெறாதவர்களில் 27 பேருக்கு. சாதாரண எஸ்.எம்.எஸ்.தான்! ஆனால் பதிவேட்டில் மகனுடைய பழைய நம்பர் இருந்தால் எந்தச் செய்தியும் உங்களுக்கு வந்து சேராது. அடுத்த முறை போகும்போது, இப்போது பயன்படுத்தும் நம்பரைச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டுக்கே வந்து பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியது. பகலில் தன்னார்வலர் வரும்போது வேலைக்குப் போகிற ஆண்கள் வீட்டில் இருப்பதில்லை. திட்டத்தைப் பணியிடங்களுக்கும் கொண்டுபோனது நல்ல முடிவு. ஆனால் சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறவரும், தள்ளுவண்டிக் கடைக்காரரும் இன்னும் தாங்களாகத்தான் வர வேண்டியிருக்கிறது.

என் அப்பா அப்படிப்பட்டவர்தான். 'பார்டர்' என்று எழுதிய சீட்டு இரண்டு வருடம் ரேஷன் கார்டு கவருக்குள்ளேயே இருந்தது. மூன்றாவது வருடம் மாத்திரை ஆரம்பித்தார். அந்தச் சீட்டை நானும்தான் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா, அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலோ, கர்ப்ப காலத்தில் சுகர் வந்திருந்தாலோ, ரேண்டம் அளவோடு நிற்காதீர்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் எடுக்காமல், குறைந்தது 8 மணி நேரம் கழித்து, காலையில் காபிகூடக் குடிக்காமல் போங்கள். "வெறும் வயித்துலயும், குளுக்கோஸ் குடிச்சு 2 மணி நேரம் கழிச்சும் பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சீட்டைப் போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருட எண்ணோடு ஒப்பிட அது வேண்டும். சந்தேகம் இருந்தால் 104-க்கு அழையுங்கள்.