கழுகுச் சோளம்

கேள்வி: அழிந்துபோன மக்காச்சோள ரகம் ஒன்று மீண்டும் விளைகிறதாமே, உண்மையா?

பதில்: அழியவில்லை, அழிவின் விளிம்புவரை போய்த் திரும்பியிருக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் வாழ்ந்த பானி பழங்குடியினரின் கழுகுச் சோளம் அது. வெள்ளை மணியில், சிறகு விரித்த கழுகுபோல ஊதாநிறத் தீற்றல் இருக்கும். 1870-களில் அம்மக்கள் சொந்த மண்ணைவிட்டு ஓக்லஹோமாவுக்குப் போகவேண்டி வந்தது. விதைகளையும் கொண்டுபோனார்கள். அந்த மண்ணும் வெயிலும் பயிருக்கு ஒத்துவரவில்லை. பல தலைமுறைகள் பொத்திக் காத்தும் விதை குறைந்துகொண்டே வந்தது.

2000-களில் பானி இனத்தின் விதைக் காவலர் டெப் எக்கோ-ஹாக், நெப்ராஸ்காவின் ரானி ஓ'பிரையனுடன் கைகோத்தார். நெப்ராஸ்காவில் செய்த முதல் விதைப்பு வீணானது. மிஞ்சிய கொஞ்சம் விதையையும் துணிந்து அதே பூர்விக மண்ணில் ஊன்றினார்கள், பிடித்துக்கொண்டது! எவ்வளவு பெரிய துணிச்சல்!

இன்னொரு கவலையும் உண்டு. மக்காச்சோள மகரந்தம் காற்றில் பறக்கும். நெப்ராஸ்காவோ வீரிய ஒட்டு ரகங்களின் கடல். அருகில் வேறு ரகம் பூத்தால் கலப்பாகிவிடும். அதனால் தள்ளித் தள்ளி, தனித்தனித் தோட்டங்களில் வளர்க்கிறார்கள். என்னை நெகிழவைப்பது, அப்படி வளர்ப்பவர்கள் யார் என்பதுதான். பானி நிலத்தில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்களும் அவர்களில் இருக்கிறார்கள். விளைச்சல் பானி மக்களுக்கே போய்ச் சேருகிறது.