அப்டேட் நச்சரிப்பை நிறுத்துவது எப்படி?



டைப்ரைட்டர் இருந்த மேஜைகளில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்து வெகுகாலம் ஆகிறது. அதனோடு ஒரு தொல்லையும் சேர்ந்து வந்துவிட்டது. அவசரமாக ஒரு படிவத்தை நிரப்பும்போது பிரவுசரின் மூலையிலிருந்து "அப்டேட் தயார், மூடித் திறக்கவும்" என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். தள்ளிவிட்டால் மறுபடி வரும். சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் உள்ள ஜெராக்ஸ் கடையானாலும் சரி, தில்லைநகர் ஆடிட்டர் ஆபீஸானாலும் சரி, இந்தப் புலம்பல் ஒன்றுதான்.

இறுதியாண்டுப் பயிற்சிக்காக நான் ஸ்ரீரங்கத்தில் ஓர் அலுவலகத்தில் சில வாரங்கள் இருந்தேன். அங்கிருந்த மூத்த எழுத்தர் அம்மா முதல் நாளே கேட்டது இதுதான்: "தம்பி, கம்ப்யூட்டர் படிக்கிற புள்ளதானே நீ? இந்தச் சனியன் வராம பண்ணிக் குடுத்துட்டுப் போ, உனக்குப் புண்ணியமாப் போகும்."

நியாயமான கோரிக்கை. ஆனால் காய்ச்சல் அடிக்கிறது என்றால் தெர்மாமீட்டரை உடைக்கலாமா? அந்தப் பெட்டி ஏன் வருகிறது என்று முதலில் பார்ப்போம். நான் பார்த்த வரையில் காரணங்கள் நான்கு.

1. மூடாத பிரவுசர்: குரோம் தன் புதிய பதிப்பைப் பின்னணியில் தானே இறக்கிக்கொள்ளும். ஆனால் பிரவுசரை மூடித் திறந்தால்தான் பழையது போய்ப் புதியது வேலைக்கு வரும். நம் அலுவலகங்களில் மூடுவதே கிடையாது. இருபது டேப் திறந்தபடி இருக்க, மாலையில் கம்ப்யூட்டரைத் தூங்க வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். திருத்தம் வாசலில் காத்து நிற்கிறது. இரண்டு நாள் அளவில் பச்சை, நாலு நாளில் ஆரஞ்சு, ஒரு வாரம் ஆனால் சிவப்பு என்று குறி மாறுவது இதனால்தான். மருந்து சுலபம். கிளம்பும்போது பிரவுசரை மூடுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில், மூடிய பிறகும் பின்னணியில் ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள்.

2. நிறுத்தப்பட்ட சர்வீஸ்: "நெட் ஸ்லோவா இருக்கு" என்று யாரோ ஒருவர் அப்டேட் சர்வீஸையே நிறுத்தி வைத்திருப்பார். அப்போதும் தொல்லை ஓயாது. சில வாரம் கழித்து, "இந்தப் பிரவுசர் பழசாகிவிட்டது" என்று வேறு பெட்டி வரும். சரிசெய்ய அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அது டைப் செய்கிறவரிடம் இருக்காது.

3. உறைய வைத்த கம்ப்யூட்டர்: லேப்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறை ரீஸ்டார்ட் ஆகும்போதும் மெஷின் பழைய நிலைக்கே திரும்பிவிடும். நேற்று போட்ட அப்டேட்டும் அதோடு போய்விடும். உறைவை நீக்கி, அப்டேட் போட்டு, மறுபடி உறைய வைப்பதுதான் வழி.

4. வயதான விண்டோஸ்: விண்டோஸ் 7-க்கு குரோம் 109-தான் கடைசிப் பதிப்பு. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் விண்டோஸ் 10 வேண்டும். அந்த விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 7 மெஷினில் வரும் எச்சரிக்கையை மறைக்க குரோமில் தனியாக ஒரு பாலிசியே இருக்கிறது. மறைக்கலாம், ஆனால் ஓட்டை அப்படியே இருக்கும். அந்த மெஷினில் லினக்ஸ் போடுங்கள். சி-டாக் நிறுவனம் தந்த பாஸ் லினக்ஸ் நம் நாட்டுச் சரக்குதான். அதுவும் முடியாவிட்டால் இன்டர்நெட் இணைப்பைக் கழற்றிவிட்டு டைப் அடிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அலுவலகங்கள் அப்டேட் என்றாலே பயப்படுவதற்கும் காரணம் உண்டு. 2015 செப்டம்பரில் வந்த குரோம் 45-உம், 2017 மார்ச்சில் வந்த பயர்பாக்ஸ் 52-உம் ஜாவா பிளக்-இன்னைக் கைவிட்டன. அதை நம்பி டிஜிட்டல் கையெழுத்துப் போட்டுவந்த தளங்கள் புதிய பிரவுசரில் வேலை செய்யவில்லை. டெண்டர் கடைசி நாளில் இப்படி ஒருமுறை மாட்டிக்கொண்டவர் அடுத்த அப்டேட்டை எப்படி வரவேற்பார்? அந்த அச்சத்தைக் கேலி செய்யக் கூடாது. புதிய பதிப்பை முதலில் ஒரே ஒரு மெஷினில் போட்டுப் பார்த்து, முக்கியமான தளங்கள் திறக்கின்றனவா என்று சோதித்த பிறகு மற்றவற்றில் போடுவதே முறை.

அப்படியானால் நச்சரிப்பை நிறுத்தவே முடியாதா? முடியும். நம் ஊரில் மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக மின்தடை வருகிறது. எந்தப் பகுதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று முன்பே பேப்பரில் வந்துவிடுவதால் நாம் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்கிறோம், மாவு அரைத்துக்கொள்கிறோம். சொல்லாமல் போகும் கரண்ட்தான் எரிச்சல் மூட்டும். அப்டேட்டும் அப்படித்தான். அதற்கு ஒரு நேரம் குறித்துவிட வேண்டும்.

குரோமுக்கான பாலிசி கோப்புகளைச் சேர்த்தால், விண்டோஸின் குரூப் பாலிசியில் 'ரீலாஞ்ச் நோட்டிபிகேஷன்' என்ற அமைப்பு கிடைக்கும். அதைக் கட்டாயம் என்று வைத்து, 'ரீலாஞ்ச் விண்டோ' என்பதில் மதியம் 1.30 மணி என்று சாப்பாட்டு நேரத்தைக் கொடுக்கலாம். பிரவுசர் முன்னறிவிப்புத் தந்துவிட்டு அந்த நேரத்தில் தானே மூடித் திறக்கும். டேப்கள் திரும்ப வரும். பாதி டைப் செய்த படிவம் மட்டும் வராது. எனவே சாப்பிடப் போகுமுன் சேமிக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். பயர்பாக்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல் பகுதியில் அப்டேட்டுகளைத் தானாகப் போடும்படி வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

இன்னொரு எச்சரிக்கை. எல்லா அப்டேட் பெட்டியும் உண்மை அல்ல. உண்மையான அறிவிப்பு பிரவுசரின் மெனுப் பக்கம் வரும். ஏதோ ஒரு வலைப்பக்கத்தின் நடுவில் "உங்கள் குரோம் பழையது, இதை டவுன்லோடு செய்க" என்று வந்தால் அது பொறி. இப்படிப் போலி அப்டேட் காட்டி வைரஸ் புகுத்தும் சாக்கோலிஷ் என்ற மோசடி பல ஆண்டுகளாக நடக்கிறது. சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, ஹெல்ப் மெனுவில் 'அபவுட்' பகுதியைத் திறந்து பாருங்கள். அப்டேட் பாக்கி இருந்தால் அங்கே தெரியும்.

"ஒரு வாரம் தள்ளிப் போட்டா என்ன குடி முழுகிடும்?" என்று கேட்பவர்களுக்கு 2017-ஐ நினைவூட்டுகிறேன். மார்ச்சில் மைக்ரோசாப்ட் ஒரு விண்டோஸ் ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. மே 12-ஆம் தேதி அதே ஓட்டை வழியாக வானாக்ரை உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் தடுமாறின. பக்கத்துக் கேரளத்தில் வயநாட்டிலும் பத்தனம்திட்டையிலும் ஊராட்சி அலுவலகக் கணினிகள் முடங்கின. அது பிரவுசர் ஓட்டை அல்ல, ஆனால் பாடம் ஒன்றுதான். திருத்தம் வெளியானவுடனே ஓட்டை எங்கே என்று திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவனுக்கு நாம் தரும் அவகாசம்.

ஸ்ரீரங்கத்து அலுவலகத்தில் நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. எச்சரிக்கை யார் கண்ணில் படுகிறதோ அவர் கையில் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் கண்ணில் எச்சரிக்கை படுவதில்லை. மூத்த எழுத்தர் அம்மாவின் எரிச்சலுக்கு வேர் இதுதான். அவர் கேட்டது சோம்பலால் அல்ல. தன்னால் செய்ய முடியாத வேலையை ஒரு இயந்திரம் நாள் முழுக்கத் தன்னிடமே கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

நண்பர்களே! நாளை நாம் டிப்ளமோவோடு வேலைக்குப் போகுமிடத்தில் அந்த அட்மின் பாஸ்வேர்டு நம்மிடம் தரப்படும். "அப்டேட்டை நிறுத்திக் குடுங்க" என்று யாராவது கேட்டால், அது நம் பொறுப்பை நமக்கு நினைவூட்டும் குரல் என்று எடுத்துக்கொள்வோம். நேரம் குறித்து, சோதித்து, சொல்லிவிட்டுச் செய்வோம். வேலை முடிந்துவிட்டால் அந்தப் பெட்டி தானாகவே வராது.