'குறைந்தபட்சம்' யாருக்கு?

இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக நான் செய்த எண் பலகை, விடுதி அறையில் மூன்று வாரம் சொன்னபடி கேட்டது. புலத்தின் கண்காட்சிக்கு முதல் நாள் மாலை சுவரில் மாட்டியதும் 8-ஐ 3 என்று காட்டத் தொடங்கியது. அதிலிருந்த 74எச்சி595 சில்லைக் கழற்றி, வேறு பொட்டலத்திலிருந்து இன்னொன்றைப் பொருத்தினேன், சரியானது. பழையது பழுது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் புதியதும் அதே கூத்தை ஆடியது.

"தம்பி, தரவுத்தாள்ல வி.ஐ.எச். பார்த்தியா?" என்றார் மூத்த மாணவர் ஒருவர்.

"பார்த்தேன் அண்ணே, 2.4 வோல்ட். நான் கொடுக்கிறது 3.3."

"எந்தக் கட்டத்துல பார்த்தே?"

வி.ஐ.எச். என்பது, உள்ளீட்டைச் சில்லு '1' என்று கொள்வதற்கான மின்னழுத்தம். மின்வழங்கல் 4.5 வோல்ட் எனும் வரிசையில் இரண்டு எண்கள் இருந்தன: குறைந்தபட்சம் 3.15, வழக்கமானது 2.4. வழக்கமானது எப்படிக் குறைந்தபட்சத்தைவிடக் குறைவாக இருக்கும்? அச்சுப்பிழை என்று நினைத்து, எனக்குச் சாதகமான எண்ணை எடுத்துக்கொண்டேன்.

பிழை அச்சில் இல்லை. அந்தக் 'குறைந்தபட்சம்' சில்லின் திறமைக்கு அல்ல, நமக்கு இட்ட நிபந்தனை. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் "ஏழு மணிக்குள் வாருங்கள், சாப்பாடு உறுதி" என்கிறார்கள். எட்டு மணிக்குப் போனவனுக்கும் பெரும்பாலும் சாப்பாடு கிடைக்கும். கிடைக்காவிட்டால் வீட்டுக்காரரிடம் சண்டை போட முடியாது. 2.4 என்பது எட்டு மணிக்குப் போய்ச் சாப்பிட்டவர்களின் கதை. 3.15-க்கு மேல் கொடுத்தால்தான், அவர்கள் விற்கும் ஒவ்வொரு சில்லும், குறிப்பிட்ட வெப்பநிலை எல்லை முழுவதும், '1' என்றே படிக்கும் என்பது உறுதி. '0'-க்கான வி.ஐ.எல்-இல் இதே தர்க்கம் தலைகீழ்: அங்கே உறுதி 'அதிகபட்சம்' 1.35. இடைப்பட்ட பகுதிக்கு யாரும் பொறுப்பில்லை. (7 வோல்ட் என்று முதல் பக்கங்களில் வரும் உச்ச வரம்பு வேறு சங்கதி, அது சில்லு சாகாமலிருக்க.)

என் பலகை ஓடியது 5 வோல்ட்டில். தரவுத்தாளில் 5-க்கு வரிசையே இல்லை, 2, 4.5, 6 மட்டும்தான். மூன்றையும் பார்த்தால் வி.ஐ.எச். ஏறக்குறைய மின்வழங்கலில் 70 விழுக்காடு. ஆக, எனக்குத் தேவை 3.5. இ.எஸ்.பி.32 கொடுத்ததோ 3.3; அதன் தரவுத்தாள் உறுதியளிப்பது மின்வழங்கலில் 80 விழுக்காடு, அதாவது 2.64 மட்டுமே. அறையில் குட்டைக் கம்பிகளால் தப்பித்தேன். சுவரில் கம்பி நீண்டது, எல்லா எல்.இ.டி.களும் சேர்ந்து எரிந்தபோது சில்லின் தரை இணைப்பில் மின்னழுத்தம் உயர்ந்து, அதன் கண்ணுக்கு என் 3.3 இன்னும் சிறுத்தது.

அன்றிரவே 74எச்சிடி595 மாற்றினேன். பெயரில் ஓர் எழுத்துதான் கூடுதல். 4.5 முதல் 5.5 வோல்ட் வரையிலான மின்வழங்கலில் அதன் வி.ஐ.எச். குறைந்தபட்சம் 2.0. மோசமான நிலையிலும் 0.64 வோல்ட் மிச்சம். கண்காட்சி முழுவதும் 8, 8-ஆகவே இருந்தது.

குப்பைத்தொட்டியில் போட்டிருந்த அந்தப் 'பழுது' சில்லைத் தேடி எடுத்தேன். இப்போது அது இளைய மாணவர் ஒருவரின் 5 வோல்ட் அர்டுவினோ ஊனோவோடு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கிறது.