நாய்களின் இருதயக் கட்டி: அறியும் வகையும் சிகிச்சையும்

தோட்டத்தையும் ஆட்டுப்பட்டியையும் இரவெல்லாம் காக்கும் நாய், ஒரு நாள் திடீரென்று கால் மடிந்து விழுவதும், சற்றுப் பொறுத்துத் தானே எழுந்து நடப்பதும் உண்டு. வெயிலின் கொடுமையென்றோ, விஷந் தின்றதென்றோ எண்ணி வாளாவிருத்தல் பெருந்தவறாகும். வயது முதிர்ந்த நாயாயின், இருதயத்தில் கட்டி இருக்கக்கூடுமென்று ஐயுறல் வேண்டும்.

கட்டியின் வகைகள்: பெரும்பாலும் காணப்படுவது, இரத்தக் குழாய்களின் திசுவிலிருந்து எழும் புற்று. இது இருதயத்தின் வலது மேலறையில் தோன்றும். அல்சேஷியன், கோல்டன் ரெட்ரீவர் ஜாதிகளில் இது அதிகம். இதினின்று கசியும் இரத்தம் இருதயத்தைச் சூழ்ந்த உறைக்குள் தேங்கி நாலா புறமும் அமுக்குவதால், இருதயம் விரிந்து இரத்தத்தை ஏற்க இயலாமற் போகிறது. பாக்ஸர், புல்டாக் முதலிய குட்டை மூக்கு ஜாதிகளில் பெரிய தமனியின் அடியில் தோன்றும் மற்றொரு வகைக் கட்டி மெதுவாகவே வளரும்.

அறிகுறிகள்: ஈறு வெளுத்தல், மூச்சிரைத்தல், நாடி தளர்தல், வயிற்றில் நீர் கோத்துப் பருத்தல் ஆகியவை. வைத்தியர் குழல் வைத்துக் கேட்குங்கால் இருதய ஒலி மங்கியிருக்கும். எக்ஸ்ரே படத்தில் இருதயம் பந்துபோல் உருண்டு காணலாம். அல்ட்ராசவுண்டு பரிசோதனையே தேங்கிய நீரைத் தெளிவாய்க் காட்டும். சிறு கட்டி அதற்கும் தப்பிவிடலாம்.

சிகிச்சை: கால்நடை வைத்தியர் விலா எலும்புகளினிடையே ஊசி செலுத்தித் தேங்கியதை வெளியேற்றுவார். நாய் விரைவில் தெளிவு பெறும். வயிறு பருத்திருப்பது கண்டு, நீர் பிரியும் மருந்தைச் சொந்தக்காரர் தாமாகக் கொடுத்தல் ஆகாது. இரத்த ஓட்டம் மேலுங் குறைந்து உயிருக்கு அபாயம் நேரும்.

பலன்: இரத்தக் குழாய்ப் புற்றாயின் நீர் மீண்டும் சேரும், பெரும்பாலும் ஆயுள் சில வாரங்களே. அறுவையும் டாக்ஸோரூபிசின் மருந்தும் சேர்ந்தால் சில மாதங்கள் கூடலாம். மெதுவாக வளரும் கட்டியில், இருதய உறையை அறுத்து நீக்குவதால் நாய் ஓராண்டுக்கு மேலும் சுகமாயிருப்பதுண்டு. கட்டி ஏதுமின்றியே நீர் சேர்ந்த நாய்களோ, சில சமயம் ஊசியினாலேயே பூரண குணமடைகின்றன.

ஆதலின், பரிசோதிக்குமுன் நாயைக் கைவிடுதல் கூடாது. விழுந்தெழுந்த அன்றே ஈற்றைத் திறந்து பார்த்து, வெளுத்திருப்பின் ஓடவிடாமல் வண்டியிலேற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. குணமாகாதெனத் தெளிந்து வேதனையும் மிகுந்தால், வைத்தியர் கையால் நோவின்றி முடிவளிப்பதும் இத்தனை காலம் காவல் காத்த பிராணிக்குச் செய்யும் தயையேயாகும்.