நடைபாதைக்குக் கைகொடுக்க…

ஜெர்மனியில் பூங்கா, காட்டு நடைபாதைகளைப் பராமரிக்க விரும்புவோர், கத்தரியைக் கையில் எடுக்குமுன் ஒரு நடைச் சங்கத்தில் சேர்வதே நல்லது. 1864-இல் ஃப்ரைபுர்க்கில் தொடங்கிய கறுப்புவனச் சங்கமே சான்று. ஃபோர்ட்ஸ்ஹைம் முதல் பாசல் வரை ஏறத்தாழ 285 கிலோமீட்டர் நீளும் ‘வெஸ்ட்வேக்’ பாதையை அது 1900-இல் அமைத்தது; அதன் சிவப்புச் சாய்சதுரக் குறிகளை இன்றும் தொண்டர்களே காக்கிறார்கள். ஆளுக்கொரு பகுதி என்று பிரித்துக்கொள்வதால்தான் இது முடிகிறது. எனவே வீட்டருகே ஒரு சிறு பகுதியைக் கேட்டு வாங்குங்கள். இரு திசைகளிலும் நடந்து பாருங்கள். போகும்போது தெரியும் குறி, திரும்பும்போது இலைக்குள் மறைந்திருக்கலாம்.

“வரி கட்டுகிறோமே, நகராட்சி செய்யட்டும்” என்பதும் நியாயம்தான். விழுந்த மரமும் உடைந்த பாலமும் நிர்வாகத்தின் வேலை. படமெடுத்து, இடம் குறித்துத் தெரிவித்தால் போதும். ஆனால் மங்கிய குறியையும் அடைபட்ட வடிகாலையும் முதலில் காண்பவர் அன்றாடம் நடப்பவரே. “அப்படியானால் நானே வெட்டிவிடலாமே?” கூடாது. பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால், காட்டுக்கு வெளியே புதர்களையும் வேலிச்செடிகளையும் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒட்ட வெட்டுவதை இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது; லேசாகக் கத்தரிக்க மட்டும் அது அனுமதிக்கிறது. நிலத்துக்கு உரிமையாளரும் உண்டு. அனுமதி, கருவி, விபத்துக் காப்பீடு மூன்றையும் சங்கத்திடம் கேட்டுத் தெளிந்தபின் இறங்குங்கள்.